கொலுசுக் கடையில் எதைப் பார்ப்பது?

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள நண்பா,

இங்கு எல்லோரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. மாணவர்களை ஏற்காட்டிலிருந்து கீழே இறக்கிக் கொலுசுக் கடைகளில் களப்பணி செய்யவைக்கப் போகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது.

அனுப்புவதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடு. பிறர் பார்க்க நடந்துகொள்ளும் இடம் முன்மேடை, அவர்கள் கண்ணில் படாத இடம் பின்மேடை என்றதும் பிள்ளைகள் முன்னால் வேஷம், பின்னால் நிஜம் என்று எழுதிவிடுகிறார்கள். இந்தச் சொற்களால் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் சொன்னது அதுவல்ல. 1949க்கும் 1951க்கும் இடையில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் தங்கியபோது ஒரு ஓட்டல் சமையலறைக் கதவைக் கவனித்தார். தட்டு தூக்கும் பணிப்பெண்களுக்கு அது திறந்தே கிடக்க வேண்டும். உள்ளே நடப்பது விருந்தினர் கண்ணில் படக்கூடாதென்று நடத்துபவர்களுக்கு மூடியே இருக்க வேண்டும். ஓயாத இழுபறி. யார் மனசில் என்ன என்று தோண்டாமல் கதவைப் பார்த்தாரே, அந்தப் பார்வைதான் பிள்ளைகளுக்கு வர வேண்டும்.

கொலுசுக் கடையில் பல நேரம் பேச்சே கதவு. வாங்க வந்தவர் எதிரிலேயே கடைக்காரர்கள் தங்களுக்குள் தொழில் பாஷையில் பேசிக்கொள்ள முடியும். நம் இலக்கணத்தில் இதற்குக் குழூஉக்குறி என்று பெயரே உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான்.

ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது வாங்காமல் போகிறவரை. கூலி, சேதாரம் எல்லாம் கேட்டாயிற்று, திருகைத் திருகிப் பார்த்தாயிற்று. மனசில்லை. "வேண்டாம்" என்ற சொல் மட்டும் வராது. "வீட்ல கேட்டுட்டு வரேங்க" என்பார். வரமாட்டார் என்று தெரிந்தும் கடைக்காரர், "பொறுமையா வாங்கம்மா" என்பார். இதைப் பொய் என்று எழுதினால் பாடம் போச்சு. ஒருவர் முகம் வாடாமல் இன்னொருவர் காக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற வேலை அது. அந்தச் சொல்லுக்கு முன்பே கை தட்டை நகர்த்தியதா, பாதம் வாசல் பக்கம் திரும்பியதா, கடைக்காரர் கொலுசை எப்போது மடித்தார் என்று வரிசை மாறாமல் குறிக்கச் சொல். வரிசை போனால் குறிப்பில் ஒன்றும் மிஞ்சாது.

முதலாளியிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போகட்டும். கடைக்கு ஒருவர் போதும். இருவர் போனால் அவர்களே பேசத் தொடங்கிவிடுவார்கள். முதல் நாள் இடத்தின் படம் மட்டும் வரையட்டும்: தராசு, கல்லா, யார் எங்கே நிற்கிறார் என்று. அப்புறம் 20 நிமிடம் பார்ப்பது, வெளியே வந்து உடனே எழுதுவது. தாளை இரண்டாக மடித்து இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் நினைத்தது. "கோபமாகச் சொன்னார்" என்பது வலப்பக்கம். "குரல் உயர்ந்தது, பார்வை தராசுக்குப் போனது" என்பது இடப்பக்கம். பெரும்பாலான குறிப்பேடுகள் கெடுவது இங்கேதான். கடையில் செல்போனை எடுக்கவே வேண்டாம். அதைக் கண்டதும் பேச்சின் தொனியே மாறிவிடும்.

இறங்கி வரும் பஸ்ஸும் நல்ல பயிற்சிதான். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் தோளோடு தோள் இடிக்கும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிடாமல் கண் மட்டும் ஜன்னலை விட்டு நகராது.

முதல் வாரக் குறிப்புகளைத் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பு. இடப்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்