இஸ்தான்புல்லில் கடைசி நாள்: மூடிய அரண்மனைக்கு அழைத்துப் போன சுற்றுலா நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் துருக்கி குழுச் சுற்றுலாவில் வந்த தம்பதியர்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: பயணத் திட்டத்தில் இருந்த தோப்காபி அரண்மனையைக் காட்டாதது, கடைசி நாளைக் கடைகளில் கழிக்க வைத்தது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் துருக்கி சுற்றுலாவில் நானும் என் மனைவியும் போய் வந்தோம். கடைசி நாளான செவ்வாய்க்கிழமைக்கு நீங்கள் அச்சிட்டுக் கொடுத்த திட்டத்தில், காலையில் ஒட்டோமான் சுல்தான்களின் தோப்காபி அரண்மனை, அவர்கள் குடும்பப் பெண்கள் வாழ்ந்த ஹாரெம் பகுதி உட்பட, நுழைவுக் கட்டணம் சேர்த்து என்று இருக்கிறது. தோப்காபி அரண்மனைக்கு வார விடுமுறையே செவ்வாய்க்கிழமைதான். திறக்காத நாளில் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். எனது புகார் இதுதான்.

அன்று காலை அறையைக் காலி செய்து, பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். பஸ் கீழேயே நின்றுவிட்டது. அங்கிருந்து மேட்டில் நடந்து ஏறி, அயா சோபியாவுக்குப் பின்னால் இருக்கும் அரண்மனையின் பெரிய வாசலுக்கு வந்தோம். என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினாள். மேலே வந்து பார்த்தால் கதவு சாத்தியிருந்தது. காவலர் துருக்கியில் ஏதோ சொன்னார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, 'டியூஸ்டே, க்ளோஸ்டு' என்றார். உங்கள் டூர் மேனேஜர் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் அது அப்போதுதான் தெரியும் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாளைத் தயாரித்தது அவரில்லை.

என் மனைவி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பாரசீக மன்னர் நாதிர் ஷா 1739-ல் டெல்லியைச் சூறையாடி மயிலாசனத்தைக் கொண்டுபோன பாடத்தை வருடா வருடம் நடத்தியவள். அந்தக் கதையின் அடுத்த பாகம் இந்தத் தோப்காபியில்தான் இருக்கிறது. கைப்பிடியில் மூன்று பெரிய மரகதங்கள் பதித்த குத்துவாள் ஒன்று உண்டு. சுல்தான் முதலாம் மஹ்மூது அதை நாதிர் ஷாவுக்குப் பரிசாக அனுப்பினார். தூதுக்குழு போய்ச் சேருமுன்பே, 1747-ல், நாதிர் ஷாவை அவருடைய ஆட்களே கொன்றுவிட்டார்கள். வாள் அப்படியே இஸ்தான்புல்லுக்குத் திரும்பி வந்துவிட்டது. நாதிர் ஷா தன் பங்குக்குச் சுல்தானுக்கு அனுப்பிய, இந்தியப் பாணி வேலைப்பாடுள்ள அரியணையும் அந்தக் கருவூலத்தைச் சேர்ந்ததே. இதையெல்லாம் அவள் கிளம்பும் முன்பே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். முதலில் சமையற்கூடங்கள், அங்கே சேர்த்து வைத்திருக்கும் சீனப் பீங்கான்கள், அப்புறம் ஹாரெம், கடைசியில் கருவூலம் என்று நடக்க வேண்டிய வரிசைகூடப் போட்டிருந்தாள். உங்களிடம் இந்தப் பயணத்தை நாங்கள் வாங்கியதற்குக் காரணமே திட்டத்தில் தோப்காபி என்று இருந்த அந்த ஒரு வரிதான். இதைவிடக் குறைந்த விலையில் வேறு இடத்தில் கிடைத்தது. அதில் தோப்காபி இல்லை.

இஸ்தான்புல்லுக்கு ஆட்களை அழைத்துப் போகிறவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய மூன்று கிழமைகள் உண்டு. ஞாயிறு கிராண்ட் பஜார் மூடல். திங்கள் டோல்மாபாஹ்சே அரண்மனை மூடல். செவ்வாய் தோப்காபி மூடல். இதைத் தெரிந்துகொள்ள துருக்கி மொழி தேவையில்லை, அரண்மனையின் இணையதளத்தைத் திறந்தாலே போதும். முந்தின நாள் திங்கட்கிழமை முழுக்க நாங்கள் அந்த வட்டாரத்திலேயேதான் சுற்றினோம். அயா சோபியாவின் மாடம், நீல மசூதி, பழைய பந்தயத் திடலான ஹிப்போட்ரோம் எல்லாம் பார்த்தோம். அன்றைக்கு அரண்மனை திறந்திருந்தது, சில நிமிட நடையில் இருந்தது. மதியத்துக்கு மேல் பெரும்பகுதி நேரத்தைக் கிராண்ட் பஜாரில் விட்டீர்கள். பஜாரைச் செவ்வாய்க்கும் அரண்மனையைத் திங்களுக்கும் மாற்றியிருந்தால் ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் எல்லாம் முடிந்திருக்கும். குழுவில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தோம். இத்தனை பேரின் பயணத்தைத் தீட்டியவர் ஒருமுறைகூடக் காலண்டரைப் பார்க்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, தவறு நடந்துவிட்டது. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை. உங்கள் சென்னை அலுவலகம் திறந்திருக்கும் நேரம். டூர் மேனேஜர் அங்கே நின்றே போன் செய்து பேசினார். பேசி முடித்ததும், இதற்குப் பதிலாக ஒரு கம்பளத் தொழிற்சாலையையும் தோல் பொருள் ஷோரூமையும் காட்டப்போவதாக அறிவித்தார். இது யாருடைய முடிவு?

அதே மலைச்சரிவில், அரண்மனை மதிலை ஒட்டியே தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை திறந்திருந்தது. 1887-ல் லெபனானின் சிடோனில் தோண்டியெடுத்த, அலெக்சாண்டரின் போர்க்காட்சிகளைச் செதுக்கிய கல் சவப்பெட்டி அங்கே இருக்கிறது. எகிப்தியரும், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளும் 3,200 ஆண்டுகளுக்கும் முன் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையின் களிமண் பலகை இருக்கிறது. என் மனைவி இதைச் சொல்லி, அங்கேயாவது போகலாமே என்று கேட்டாள். குழுவில் பலரும் ஆமோதித்தார்கள். அது வேண்டாமென்றால், 336 தூண்களோடு பூமிக்கடியில் இருக்கும், பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்து நீர்த்தேக்கம் நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது. இரண்டுக்கும் டிக்கெட் வாங்க வேண்டும். கம்பளக் கடைக்கு டிக்கெட் கிடையாது. வேறு காரணம் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கம்பளக் கடையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். தொழிற்சாலை என்று சொன்ன இடத்தில் ஒரே ஒரு தறியும், அதன் முன்னால் ஒரு பெண்ணும் இருந்தார்கள். அவர் எங்களுக்காக நாலு முடிச்சுப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண்ணின் விரல் வேகம் நிஜமாகவே அற்புதம். அதோடு அந்தப் பகுதி முடிந்தது. அடுத்து ஒரு கூடத்தில் சுவரோரம் உட்காரவைத்து, ஆப்பிள் டீ கொடுத்து, கம்பளங்களை ஒன்றின்மேல் ஒன்றாக எங்கள் காலடியில் விரித்துக்கொண்டே போனார்கள். வெளியே போக வேண்டுமென்றால் அந்தப் பட்டுக் கம்பளங்களை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். பிறகு ஆளுக்கொரு விற்பனையாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொன்ன பிறகும், 'கார்டு வாங்குவோம், கப்பலில் அனுப்புவோம்' என்று விடவில்லை. திருச்சியிலிருந்து வந்திருந்த ஒரு வயதானவர் சங்கடம் தாங்காமல் சின்னதாக ஒன்றை வாங்கினார். தோல் ஷோரூமிலும் இதே கதைதான்.

அங்கிருந்து நேராக விமான நிலையம். நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். திட்டத்தில் போட்டிருந்த மதிய ஓய்வும் கிடையாது. விமானத்துக்கு ஆறு மணி நேரம் முன்னதாகவே எங்களை இறக்கிவிட்டார்கள். பஸ்ஸை அதற்குமேல் அமர்த்தவில்லையாம். அந்த நேரத்தில் எமினோனூ படகுத்துறையிலிருந்து ஒரு படகேறி எதிர்க்கரையில் இருக்கும் உஸ்குதார் வரை போய்வந்திருக்கலாம். விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் மனைவி நோட்டில் எழுதியிருந்த வரிசையை எனக்குப் பாடம்போல் ஒருமுறை சொல்லிக் காட்டினாள். அதை நான் அரண்மனைக்குள் நின்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் வயதில் மறுபடி துருக்கிக்குப் போவோம் என்று சொல்ல முடியாது.

ஊர் திரும்பியதும் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'தவிர்க்க முடியாத காரணங்களால் பயணத் திட்டம் மாற்றத்துக்கு உட்பட்டது' என்ற விதியைச் சுட்டிக்காட்டி, அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. தவிர்க்க முடியாத காரணம் என்றால் புயல், வேலைநிறுத்தம், திடீர் அரசு உத்தரவு போன்றவை. வாராவாரம் வருகிற செவ்வாய்க்கிழமை அதில் சேராது. விற்பதற்கு முன்பே நடக்காது என்று தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை விற்றால் அது சேவைக் குறைபாடு. தள்ளுபடியும் எங்களுக்கு வேண்டாம். அது உங்களிடம் இன்னொரு முறை பணம் கட்டச் சொல்வதாகத்தான் இருக்கிறது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். தோப்காபிக்கும் ஹாரெம் பகுதிக்கும் எங்கள் இருவர் பெயரில் வசூலித்த நுழைவுக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். கடைசி நாளுக்கு உரிய பயணக் கட்டணத்தையும், மன உளைச்சலுக்கு உரிய இழப்பீட்டையும் அதோடு சேர்த்துத் தாருங்கள். அந்த இரண்டு கடைகளிலிருந்து உங்கள் நிறுவனத்துக்கோ ஊழியருக்கோ கமிஷன் வந்ததா, கடைக்குப் போகும் முடிவை எடுத்தது யார் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். இன்னொன்று, இது பணத்தைவிட எனக்கு முக்கியம்: நேற்றுவரை உங்கள் இணையதளத்தில் இதே திட்டம் இதே செவ்வாய்க்கிழமையோடு விற்பனையில் இருக்கிறது. அடுத்த குழு கிளம்புவதற்குள் அதைத் திருத்துங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடர அந்தச் சட்டம் இடம் தருகிறது. குழுவில் வந்த வேறு சிலரும் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.

இணைப்பு: பயணத் திட்டத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, தங்கள் மின்னஞ்சல் பதிலின் நகல், மூடியிருந்த அரண்மனை வாசலில் எடுத்த புகைப்படங்கள்.