சித்தூர் தாலுகா தமிழ்வழி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையின் தாய் நான். நவம்பர் 26, அரசியலமைப்பு நாள் வருகிறது. அன்று அம்பேத்கரைப் பற்றிச் சொல்வீர்கள், சொல்லத்தான் வேண்டும். கூடவே, அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் இருந்தவரும் நம் பாலக்காட்டு மாவட்டத்தில் பிறந்தவருமான அம்மு சுவாமிநாதனுக்கும் ஒரு பீரியட் ஒதுக்குங்கள்.

நம் சித்தூர்ப்புழை போய்ச் சேரும் பாரதப்புழைக் கரையில் இருக்கிறது ஆனக்கரை. 1894இல் அங்கே பிறந்தார். படிப்பு என்று கிடைத்தது வீட்டோடு கற்ற கொஞ்சம் மலையாளம்தான். சிறு வயதிலேயே கல்யாணம். சென்னையில் வக்கீலாக இருந்த கணவர் சுவாமிநாதன், பாலக்காட்டுத் தமிழர், ஆங்கிலம் கற்க ஏற்பாடு செய்தார். 1917இல் சென்னையில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று அந்தச் சங்கம் போராடியது. 1921இல் சென்னை மாகாணத்தில் சொத்துள்ள பெண்களுக்காவது அது கிடைத்தது. 1942 போராட்டத்தில் சிறைக்கும் போனார். நேதாஜியின் படையில் இருந்த கேப்டன் லட்சுமி இவருடைய மகள்தான்.

அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் ஒருவராக, 1949 நவம்பரில் அவர் பேசியதைப் பிள்ளைகள் கேட்க வேண்டும். இந்தியா பெண்களுக்குச் சம உரிமை தரவில்லை என்று வெளியார் பேசினார்கள்; தன் சட்டத்தைத் தானே எழுதியபோது இந்தியா அதைத் தந்துவிட்டது என்றார். அரசியலமைப்பு கைப்பைக்குள் அடங்கும் சிறு புத்தகமாக இருக்கும் என்று நினைத்தேன், இவ்வளவு பெரிதாகிவிட்டதே என்று அதே பேச்சில் குறையும் பட்டுக்கொண்டார். நம் பிள்ளைகளுக்கு இந்த இடம் நிச்சயம் பிடிக்கும்.

1952இல், எல்லாருக்கும் ஓட்டு வந்த முதல் பொதுத்தேர்தலில், அவரை மக்களவைக்கு அனுப்பியது திண்டுக்கல். மலையாளம் பேசும் வீட்டில் பிறந்தவரைத் தமிழ் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ் பேசிக்கொண்டு கேரளத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான தலைவர் யார்? கேரளத்தவர் என்று தமிழகமும், சென்னைக்குப் போனவர் என்று இங்குள்ளவர்களும் விட்டுவிட்டால் இழப்பு நம் பெண்பிள்ளைகளுக்குத்தான்.

அந்தப் பேச்சைத் தமிழில் எழுதித் தர நான் தயார். அசெம்பிளியில் ஒரு மாணவி அதை வாசிக்கட்டும். ஆனக்கரைக்கு ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப்போக நீங்கள் சம்மதித்தால், வண்டி வாடகைக்குப் பெற்றோரிடம் பணம் திரட்டும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தாய்