லைட்டுக்கு எவ்வளவு போடலாம், மாப்ளே?

பேராவூரணி
மாசி 6

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமையே கைக்கு வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குச் சம்பா அறுப்புதான் காரணம். மெஷின் இன்றைக்கு வருகிறது, நாளைக்கு வருகிறது என்று நாலு நாள் இழுத்து, கடைசியில் ராத்திரி எட்டு மணிக்கு வந்து இறங்கியது. வைக்கோல் கட்டி, நெல்லை ஏற்றி அனுப்பிவிட்டு இன்றைக்குத்தான் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்தேன். உன் தங்கச்சிக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம். இரண்டு ஜாதகம் பொருந்தி வந்து, இரண்டும் வேறு காரணத்தில் நின்றுபோயின. அதை நேரில் சொல்கிறேன், எழுதினால் கோபம்தான் வரும்.

நீ பங்குனியில் வெள்ளியங்கிரி ஏறப்போகிறாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். ஹாஸ்டல் மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று கதை பேசுகிற ஆள் நீ. சரி, அந்த ஈசன் கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் முக்கால் பக்கம் டார்ச் லைட்டைப் பற்றியே எழுதியிருக்கிறாயே! சிங்கப்பூர்ப் பையன் ஒன்பதாயிரம் ரூபாயில் ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறான், தெருமுனைக் கடையில் முந்நூறுக்கு ஒன்று தொங்குகிறது, எவ்வளவு போடலாம் சொல் என்று. என்னிடம் கேட்டது சரிதான். லைட் விஷயத்தில் என் அளவுக்கு ஏமாந்தவன் நம் செட்டில் யாரும் கிடையாது.

எங்கள் அப்பாவின் மூன்று கட்டை லைட் உனக்கு ஞாபகம் இருக்கும். தலைமாட்டிலேயே கிடக்கும். வேறு யாரும் தொடக் கூடாது. அடிமூடியைத் திருகினால் உள்ளே ஒரு உபரி பல்பைச் செருகி வைத்திருப்பார். கட்டை தீர்ந்துபோனால் உடனே தூக்கி எறிய மாட்டார். கழற்றி வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு ராத்திரி ஓட்டுவார். லைட் விடுகிற மொத்த வெளிச்சத்தை லூமனில் அளக்கிறார்கள், அதன் வெளிச்சத்தை இப்போது கணக்குப் போட்டால் பத்து இருபது லூமன்தான் இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷம் வரப்பில் நடந்திருக்கிறார். நாம் ஆயிரம் லூமன், ஐயாயிரம் லூமன் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

அவர் காலத்துக்குப் பிறகு நான் வாங்கியதெல்லாம் சார்ஜ் லைட். பின்பக்கம் இரண்டு முள் நீட்டிக்கொண்டிருக்கும், நேராகச் சுவர் பிளக்கில் செருக வேண்டும். நானூறு, ஐந்நூறு, அறுநூறு என்று ஆறு வருஷத்தில் ஐந்து வாங்கினேன். கூட்டிப் பார்த்தால் இரண்டாயிரத்து நானூறு ரூபாய். ஐந்தும் ஒரே மாதிரிதான் செத்தன. மூன்று மாதம் ஜோர், அப்புறம் அரை மணி நேரம், அப்புறம் பத்து நிமிஷம். உள்ளே இருந்தது மோட்டார் சைக்கிள் பேட்டரியின் தம்பி, அதாவது ஈய அமில பேட்டரி. அதைச் சார்ஜ் இல்லாமல் போட்டு வைத்தால் ஈயத்தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. நாமோ மழைக்காலத்தில் எடுத்து, வெயில் காலம் முழுக்க அலமாரியில் மறந்துவிடுகிறவர்கள்.

அதன் லட்சணம் 2018 நவம்பரில் கஜா அடித்தபோது தெரிந்தது. விடிந்தால் தோப்பில் பாதித் தென்னை படுத்துக் கிடந்தது, அதை இங்கே எழுதவில்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. இரண்டாவது ராத்திரியோடு சார்ஜ் லைட் இரண்டும் கண்ணை மூடின. சார்ஜ் போடவும் வழியில்லை. பரணில் கிடந்த அப்பாவின் லைட்டை இறக்கி, உள்ளே இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து, கடைத்தெருவில் கட்டை தேடினால் ஒரு கடையிலும் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அத்தை சுவர்க் கடிகாரத்துப் பென்சில் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார்கள். பையனின் பொம்மை லைட்டில் அதைப் போட்டுத்தான் நாங்கள் ராத்திரி சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகும் புத்தி வந்ததா என்றால், இல்லை. போனில் பார்த்து 399 ரூபாய்க்கு ஒன்று தருவித்தேன். அட்டையில் பத்தாயிரம் லூமன், இரண்டு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. முன்மூடியை இழுத்தால் வெளிச்சம் குவியும், தள்ளினால் விரியும். வாசலில் நின்று எதிர்வீட்டு மாடித் தொட்டியில் அடித்துக் காட்டினேன், எல்லாரும் ஆஹா என்றார்கள்.

மும்முனைக் கரண்ட் எங்களுக்கு ராத்திரி முறையில் வரும்போது மோட்டாரைப் போனிலேயே போட்டுவிடலாம், ஆனால் மடை மாற்ற ஆள்தான் போக வேண்டும். அப்படி ஒரு ராத்திரி அந்த லைட்டோடு வரப்பில் போனேன். குவித்து வைத்தால் தட்டு மாதிரி ஒரு வட்டம் மட்டும் பளீரென்று தெரியும், அதற்கு வெளியே கும்மிருட்டு. நான் அந்த வட்டத்தைப் பத்தடி முன்னால் ஓட்டிக்கொண்டே நடக்கிறேன். ஏதோ தோன்றி நின்று காலடியில் அடித்தால், ஒரு முழம் தள்ளிக் கட்டுவிரியன். கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம், ஈரத்தில் மினுமினுப்பாக, அவசரமே இல்லாமல் வரப்பைக் கடந்து போகிறது. அது ராத்திரியில் நடமாடுகிற ஜாதி. கடித்தால் பெரிதாக வலிகூடத் தெரியாது என்பதுதான் அதில் பயங்கரம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அதில் பெரும்பாலோர் நம்மைப் போல கிராமத்து ஆட்கள்.

மறுநாள் அந்த லைட்டை எடுத்துக்கொண்டு பட்டுக்கோட்டையில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அக்கா மகனிடம் போனேன். அவன் அதைக் கழற்றிப் பேட்டரிச் செல்லை வெளியே எடுத்தான். விரல் பருமன் இருக்கும். 18650 என்பார்கள், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான் அந்த எண்ணின் ரகசியம். மேலே 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்திருந்தது, எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு அது. அவன் சிரித்துக்கொண்டே தன் மேஜையிலிருந்து நல்ல செல் ஒன்றை எடுத்தான். அதில் 3400 என்றுதான் இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு எதிரே ஆசாரி கடைக்குக் கூட்டிப்போனான். தாலிக்குண்டு நிறுக்கிற தராசில் முதலில் நல்லதை வைத்தான், 46 கிராம். என்னுடையது 28. ஆசாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதுல கலப்படம் ஜாஸ்திங்க" என்றார். இந்த அளவுச் செல்லில் சாதாரணமாகக் கிடைப்பவை 3500 வரைதான் வரும், 9900 போட்டிருந்தால் தூர நின்றுகொள்ளுங்கள் மாமா என்றான் மருமகன்.

அன்றைக்கு அவன் போட்டுக் காட்டிய கணக்கை உனக்குச் சொல்கிறேன், உன் மலைக்கு இதுதான் வேண்டும். அந்த நல்ல செல்லுக்குள் இருப்பது சுமார் 12 வாட்-மணி. எல்.ஈ.டி. லைட், ஏறத்தாழ ஒரு வாட்டுக்கு நூறு லூமன் கொடுக்கும், நல்லதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. ஆயிரம் லூமன் என்றால் பத்து வாட், ஒரு மணி நேரம் சொச்சத்தில் காலி. அந்தப் பத்தாயிரம் லூமன் உண்மையாக இருந்திருந்தால் ஏழு நிமிஷத்தில் தீர்ந்து என் கையும் வெந்திருக்கும். 150 லூமனில் வைத்தால் எட்டு மணி நேரம். நடப்பதற்கு அதுவே ஏராளம். இதில் இன்னொரு சங்கதி, லூமனை இரண்டு மடங்காக்கினால் கண்ணுக்கு இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தெரியாது, கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். அதற்காக இரண்டு மடங்கு பணம் கேட்பான்.

தூரம் வேறு கணக்கு. போர்த் தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கினால் அதே தண்ணீர் தூரமாகப் பீச்சும் அல்லவா, அந்த மாதிரி. மொத்த வெளிச்சம் லூமன், பீச்சுகிற வேகம் கேண்டலா. தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் கேண்டலா நாலு மடங்கு வேண்டும். அட்டையில் 200 மீட்டர் என்று போட்டிருந்தால், 200 மீட்டரில் போய் விழும் வெளிச்சம் பௌர்ணமி நிலா அளவுக்குத்தான் இருக்கும். உலகம் முழுக்க நல்ல கம்பெனிகள் அளக்கிற முறையே அதுதான். நேரத்தையும் அப்படித்தான் அளக்கிறார்கள். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் வரை எண்ணுவார்கள். "20 மணி நேரம்" என்று போட்டிருந்தால் அதில் எத்தனை மணி நேரம் மின்மினிப் பூச்சி என்று யோசித்துக்கொள்.

அக்கா மகனே வாங்கிக் கொடுத்தது இப்போது என்னிடம் இருக்கும் லைட். இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். கையில் அடங்குகிற அலுமினிய லைட், நடுவில் வெளிச்சம், சுற்றிலும் நாலடிக்கு மங்கலாகப் பரவுகிற வெளிச்சம். பாம்பு கண்ணில் படுவது அந்த மங்கலில்தான். வெளிச்சம் நீலம் பாரிக்காது, லேசான மஞ்சள். நீல வெளிச்சத்தில் சருகும் பாம்பும் ஒரே சாம்பலாகத் தெரிந்த கொடுமை இதில் இல்லை. செல் குறையக் குறைய மங்கிக்கொண்டே போகாமல் ஒரே சீராக எரிந்து, கடைசியில் சிவப்பு விளக்கைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் அணையும். போன் சார்ஜர் ஒயரே போதும், பவர் பேங்கிலும் ஏறும். மூன்று வருஷமாகத் தினம் எரிகிறது. ஒரு ராத்திரிக்கு இரண்டு ரூபாய் விழுந்திருக்கிறது, டீயின் விலையில் கால்வாசிகூட இல்லை. முதலிலேயே இதை வாங்கியிருந்தால் அந்த ஐந்து லைட்டின் பணம் மிச்சம்.

அப்படியானால் ஒன்பதாயிரத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பாய். கிடைக்கும், பொய் இல்லை. அரை கிலோமீட்டர் பாயும், தண்ணீரில் முக்கினாலும் எரியும், மேலிருந்து கீழே போட்டால் தாங்கும். மல்லிப்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவனுக்கு அது வேண்டும், தேடுதலுக்குப் போகிற போலீஸ்காரனுக்கு வேண்டும். உனக்குத் தெரிய வேண்டியது அடுத்த படிக்கட்டு. அடிவாரக் காட்டில் யானை நடமாட்டம் உண்டு, அதன் முகத்தில் அரை கிலோமீட்டர் வெளிச்சத்தை அடித்து என்ன செய்யப் போகிறாய்?

மலைக்கு என் மாதிரி கைலைட் வேண்டாம், அதைப் போன வருஷம் மச்சினனோடு போய்த் தெரிந்துகொண்டேன். பூண்டியில் ராத்திரி பத்து மணிக்கு ஏற ஆரம்பித்தோம். ஒரு கையில் மூங்கில் தடி, இன்னொரு கையில் லைட். வழுக்குப் பாறையில் பிடித்துக்கொள்ள மூன்றாவது கைக்கு எங்கே போவது? மச்சினன் தலையில் மாட்டுகிற லைட்டோடு ஜாலியாக ஏறிப்போனான். ஆனால் மேலே போகப் போக மேகம் இறங்கியதும் அவன் பாடு திண்டாட்டம். நெற்றி வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு நேரே வெள்ளைச் சுவராக நின்றது. கழற்றி இடுப்பில் பிடித்துக்கொண்டதும் பாதை தெரிந்தது. அதனால் பட்டையிலிருந்து கழற்றி எடுக்கிற மாதிரியான தலைலைட் வாங்கு. செல்லைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும், 5 லூமனிலிருந்து 300 வரை நாலு படி இருக்க வேண்டும். இரண்டாயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு போடு. அதற்குக் கீழே வந்தால் செல்லில் கை வைப்பான், மேலே போனால் உனக்குத் தேவையில்லாத தூரத்துக்குப் பணம் கொடுப்பாய். உபரிச் செல்லுக்கு நானூறு ஐந்நூறு தனியாக எடுத்து வை, அதில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. வீட்டுக்குப் பென்சில் பேட்டரி போடுகிற நூற்றைம்பது ரூபாய் லைட் ஒன்று போதும். பேட்டரியைப் போட்டே வைக்காதே, கசிந்து உள்ளே தின்றுவிடும். லைட்டோடு ரப்பர் பேண்ட் போட்டுப் பக்கத்தில் வை.

சிங்கப்பூர்ப் பையனின் மனசு நோகாமல் சொல்வது உன் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் கோடாலித் தைலமும் டார்ச் லைட்டும் கொண்டுவராவிட்டால் அவன் வந்ததாகவே நம் ஊரில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு. இந்த விலையில் தலைலைட்டே வாங்கிவரச் சொல். உபரிச் செல் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள். லைட்டைப் பைக்குள் வைக்கும்போது மூடியைக் கால் திருகு தளர்த்திவிடச் சொல், தானாக எரிந்து துணியைப் பொசுக்காமல் இருக்கும். இல்லை, நீயே சென்னை ரிச்சி தெருவில் வாங்குகிறேன் என்றால் வாங்கு. ஆனால் அங்கே நல்ல செல்லும் 9900-மும் ஒரே தட்டில்தான் கிடக்கும்.

எதை வாங்கினாலும் உன் தெரு நகைக்கடைத் தராசில் செல்லை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை கிராம் என்று எனக்கு எழுது. தங்கச்சியையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்