காக்கை இரண்டாவதாகத்தான் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டங்களில் பறவைகள் அடிபட்டுக் கிடப்பதைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். காக்கைகளும் தெருப்பூனைகளும் பெருகிப்போனதுதான் காரணம், மாநகராட்சி அவற்றை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று முடித்திருந்தார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. வாசல் தெளிக்கப் போகும்போது மரத்தடியில் இறகு சிதறிக் கிடந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் அவர் காட்டும் குற்றவாளியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை எப்படிப் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறோம். பழைய வீடு. கொல்லையில் ஒரு வேம்பு, ஒரு மா, ஒரு சப்போட்டா, மதில் ஓரமாகச் செம்பருத்தி. மூன்று வருஷத்துக்கு முன் பின்மனையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பியது. அதன் மாடிப்படிப் பக்கம் கீழிருந்து மேல்வரை நீலக் கண்ணாடி. காலை வெயிலில் எங்கள் வேப்பமரம் அதில் இலை இலையாகத் தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். எதிரே இன்னொரு வேப்பமரம் நிற்பது போலிருக்கும். பறவைக்கும் அப்படித்தான் தெரிகிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன அக்டோபரில், முதல் மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் விடியற்காலை, அடுப்பில் பால் வைத்திருந்தேன். தேங்காய் நெற்று விழுந்த மாதிரி பின்னால் ஒரு சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். மதிலுக்கு அடியில், ஈரச் சருகின் மேல் ஓர் ஆறுமணிக்குருவி கிடந்தது. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை முதுகு, இறக்கையில் நீலத் திட்டு, கண்ணுக்கு மை இழுத்தது போல ஒரு கறுப்புப் பட்டை, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. பாதிக் கண் மூடியிருந்தது. அலகைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. நான் குனிவதற்குள் இரண்டு காக்கைகள் மதில்மேல் வந்து உட்கார்ந்துவிட்டன. அந்தப் பக்கம் நின்றிருந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, “காக்கா கொத்திப் போட்டிருக்கும்மா” என்றார். அவர் பார்த்தது அவ்வளவுதான். எனக்குத் தெரியும், நான் வந்து நின்ற பிறகுதான் காக்கை வந்தது. குருவியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே ஒரு கொத்துக் காயம் கிடையாது.

இந்தக் குருவி நம்மூரில் பிறந்ததில்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிறது. வருவது பெரும்பாலும் இரவில். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து களைத்து இறங்கும் நேரத்தில் நம் விளக்கு வெளிச்சம் திசையைக் குழப்பும். விடிந்ததும் கண்ணாடி மரம்போல் நிற்கும். அவ்வளவு தூரம் வந்த உயிர் கடைசிப் பத்தடியில் இப்படி விழுவதைப் பார்த்த அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய வேட்டித் துண்டை விரித்து உள்ளே வைத்து மூடி, மாடிப்படிக்கு அடியில் இருட்டில் வைத்தேன். இரண்டு மணி நேரம் யாரையும் கிட்டே விடவில்லை. திறந்தபோது எழுந்து நின்றிருந்தது. செம்பருத்திக்கு அடியில் கொண்டுபோய் வைத்ததும் குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, ஒரு சருகைப் புரட்டிப் பார்த்தது. பிறகு தத்தித் தத்தி மறைந்துவிட்டது. அது பிழைத்தது. அதே மாதம் விழுந்த இன்னொன்று பிழைக்கவில்லை.

அன்றைக்குப் பிறகுதான் என் வீட்டு ஜன்னலையே திரும்பிப் பார்த்தேன். கூடத்துப் பெரிய கண்ணாடியில் ஒரு புள்ளிப்புறாவின் அச்சு பதிந்திருந்தது. விபூதியால் வரைந்தது போல, இரண்டு இறக்கையும் விரித்தபடி, இறகுகளை எண்ணிவிடலாம்போல அவ்வளவு துல்லியம். நெஞ்சு பட்ட இடம் மட்டும் கலைந்திருந்தது. புறாவின் இறகில் இருக்கும் மாவுப் பொடி அப்படி ஒட்டிக்கொள்கிறது. அந்த ஜன்னலுக்குப் பன்னிரண்டடி தள்ளித்தான் நான் தினமும் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் மண் தட்டு இருந்தது. தண்ணீர் குடிக்கும்போது பூனையோ வல்லூறோ தெரிந்தால் பதறி எழும்பும் பறவை, எதிரே தெரியும் மரத்தை நோக்கித்தானே பாயும்? தட்டை அங்கே வைத்தது நான்தான்.

கண்ணாடியில் மோதி அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடி முதல் 99 கோடிப் பறவைகள் வரை சாவதாக 2014-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அங்கே தூரமும் இடைவெளியும் எல்லாம் சோதித்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர்த் தட்டைக் கண்ணாடியை ஒட்டி மூன்றடிக்குள் வைத்தால் பறவைக்கு வேகம் எடுக்க இடமிருக்காது, மோதினாலும் பெரிய அடி படாது. இல்லையென்றால் நன்றாகத் தள்ளி, மரத்தடியில் வைக்க வேண்டும். கண்ணாடியின் வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளி வைத்தால், நடுவில் புகுந்து போக வழியில்லை என்று பறவை விலகிப்போகும். படித்ததும் எனக்குச் சிக்கு கோலம்தான் ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியும் நானும் வெள்ளை எனாமல் பெயின்ட்டால் ஜன்னல் முழுக்க நேர்ப்புள்ளி வைத்தோம். அதற்குப் பிறகு அந்த ஜன்னலில் ஒரு மோதல்கூட இல்லை. புள்ளி பிடிக்காதவர்கள் கொசுவலையை ஜன்னலுக்கு உள்ளே அடிக்காமல் வெளியே அடித்தாலே போதும்.

பின்வீட்டுக் குடியிருப்போர் சங்கத்திலும் போய்ச் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாவது மாடிக் கண்ணாடியில் ஒரு கழுகு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு ஒரு ஸ்டிக்கர் போதாது. அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே மோதுகின்றன.

கண்ணாடிக்கு அடுத்தது மாஞ்சா நூல். நைலான் நூலையும் கண்ணாடித்தூள் பூசிய நூலையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இலேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. 2019-இல் கொருக்குப்பேட்டையில் பெற்றோருடன் பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தை கழுத்து அறுபட்டு இறந்தது. அப்படியும் கோடை விடுமுறை முடிந்தால் எங்கள் வேம்பில் பச்சையும் ரோஸுமாக நூல் தொங்குகிறது. நைலான் மக்காது. பட்டம் விட்ட பையன் அதை மறந்து மாசங்கள் கழித்தும் கிளையில் இருக்கும். இந்த வருஷம் ஒரு செம்போத்து அதில் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. தீயணைப்பு வீரர் ஒருவர் ஏணி வைத்து இறக்கிக் கொடுத்தார். நூலை வெட்ட நகவெட்டியோடு உட்கார்ந்தால், அது இறக்கை மூட்டில் சதைக்குள் புதைந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அது தொங்கிய நேரமெல்லாம் காக்கைகள் சுற்றிச் சுற்றிக் கத்தின. தெருவில் போனவர்களுக்கு அன்றும் காக்கைதான் கண்ணில் பட்டது.

சப்போட்டாவுக்குப் போடும் வலையும், எலிக்கு வைக்கும் பசை அட்டையும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பசை அட்டையில் ஒட்டிக்கொண்ட ஒரு குண்டுக்கரிச்சானைப் பார்த்த நாளோடு அதை வாங்குவதை நிறுத்திவிட்டோம்.

காக்கை முட்டையையும் குஞ்சையும் தூக்கும், பூனை வேட்டையாடும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பறக்க முடிந்த, வளர்ந்த பறவை காக்கையிடம் அவ்வளவு எளிதில் சிக்காது. முதலில் வேறு ஏதோ அதைத் தரையில் தள்ளுகிறது. காக்கை அதற்குப் பிறகு வருகிறது.

அடிபட்ட பறவை கிடைத்தால் பாலும் சோறும் ஊட்டுகிறார்கள், அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடும். இருட்டும் அமைதியும்தான் முதல் மருந்து. இறக்கை தொங்கினாலோ, இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளியாவிட்டாலோ, வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். கூண்டில் வைத்து நாமே வளர்ப்பது சட்டப்படியும் குற்றம். குட்டை வாலோடு தரையில் தத்தும் குஞ்சை அடிபட்டது என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள். அது பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்துக் கிளையில்தான் இருக்கும். பூனை எட்டாத புதரில் வைத்தால் போதும். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு.

இன்னும் சில வாரங்களில் மழை தொடங்கும், ஆறுமணிக்குருவிகள் வந்து இறங்கும். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் உதவியாக இருக்கும். பின்வீட்டுச் சங்கக் கூட்டம் மாதக் கடைசி ஞாயிறு நடக்கிறது. இதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்டோடு போகலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிழக்குத் தாம்பரம்.