அப்பாவுக்கு, கேம்பிரிட்ஜிலிருந்து

கேம்பிரிட்ஜ்
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு, கதிர் எழுதுவது. நலம்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் ‘மைனஸ் 2’ என்று எழுதுகிறாயே, வானிலை அறிக்கையா கேட்டேன் என்று கோபித்திருக்கிறீர்கள். உட்கார்ந்து யோசித்தேன். காது மடல் எரிகிறது. சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்த விரல்கள் வீட்டுக்கு வந்த பிறகும் மடங்க மறுக்கின்றன. அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

கீழ்வீட்டுத் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். பூனைக்குத் தனி நாற்காலி போட்டிருக்கிறாரே, அவர்தான். தத்துவப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். உடனே விட்கென்ஸ்டைன் என்ற தத்துவ அறிஞரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இந்த ஊரில்தான் அவர் பேராசிரியராக இருந்தார். ஒரு மலையின் உயரம் தெரிந்தால் சொல்லிவிடலாம். கிளாரினெட் எப்படி ஒலிக்கும் என்பது தெரிந்தாலும் சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே மாதிரித் தெரிந்துவைத்திருப்பதாக நினைக்காதே என்கிறார் விட்கென்ஸ்டைன். காப்பியின் மணத்தை விவரித்துப் பார், ஏன் முடியவில்லை, சொல் போதவில்லையா என்றும் கேட்கிறார்.

அதைக் கேட்டதும் நம் அடுக்களைதான் கண்முன் வந்தது. வெந்நீர் ஊற்றியதும் ஃபில்டரிலிருந்து கிளம்பித் திண்ணை வரை வருமே! இங்கேயும் நல்ல தூள் கிடைக்கிறது. ஆனாலும் ஏதோ குறைகிறது, என்ன என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. டம்ளரோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும் போலிருக்கிறது, அப்பா.

உங்களுக்கு அந்த விட்கென்ஸ்டைனைப் பிடிக்கும். முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்துகொண்டே முதல் நூலை எழுதினார். பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. சொத்தை உடன்பிறந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, 1920-ல் ஆஸ்திரிய மலைக் கிராமம் ஒன்றில் ஆரம்பப் பள்ளி வாத்தியாராகப் போனார். பேச முடியாததைப் பற்றி மௌனமாக இருக்க வேண்டும் என்று அந்த நூல் முடிகிறது. நீங்கள் சொல்லும் ‘கண்டவர் விண்டிலர்’ ஞாபகம் வந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் சொல்வது கடவுளைக் கண்டவர்களைப் பற்றி. இவர் பார்த்தது, நாம் பேசும் வாக்கியம் எதுவரைக்கும் போகும் என்பதை. 1919-ல் ஒரு பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், என் நூலில் இரண்டு பாகம், எழுதியது ஒன்று, எழுதாதது ஒன்று, எழுதாததுதான் முக்கியம் என்றாராம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் வீட்டுக்கு நான் எழுதும் கடிதங்களும் அப்படித்தானே இருக்கின்றன.

சரி, அது போகட்டும். சாப்பாட்டுக்குக் குறையில்லை. ராத்திரி ஷிஃப்டும் சேர்த்துப் பார்க்கிறேன், பொழுது போகிறது. ஹீட்டர் அதிகம் போடுவதில்லை, கம்பளிச் சட்டையே போதும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். வந்ததும் நகைக்கடன் வட்டியை முதலில் கட்டிவிடுங்கள். கிணற்றுப் பங்குக்குச் சித்தப்பா கையெழுத்துக் கேட்டால் நான் வரும்வரை போட வேண்டாம். கண் ஆபரேஷனை இனியும் தள்ளிப்போடாதீர்கள். கோபி லீவு போட்டுவிட்டு உங்களோடு வருவான், பேசிவிட்டேன். மல்லிகாவுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி 31. அவள் மறந்துவிடுவாள், நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

அன்புடன்,
கதிர்