ஹட்டனிலிருந்து அக்காவுக்கு

ஹட்டன்,
ஆடி மாதம்.

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம்.

இந்தியாவில் தத்தெடுப்புக்குப் பதிவு செய்துவிட்டு மூன்று ஆண்டுகளாகக் காத்திருக்கும் நீங்கள், "நீ போய்வரும் இல்லத்தில் அநாதைக் குழந்தைகள் இருக்கிறார்களே, ஒன்றைக் கேட்டுப் பார்க்கக் கூடாதா?" என்று எழுதியிருந்தீர்கள். கேட்க முடியாது, அக்கா. அதை ஒரே வரியில் எழுதினால் எனக்கு அக்கறையில்லை என்று வருந்துவீர்கள் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

இங்கே இலங்கை மலையகத்தில் தென்மேற்குப் பருவமழை வைகாசியில் பிடித்தால் எளிதில் விடுவதில்லை. பதினான்கு கைக்குழந்தைகளின் துணிகளையும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் காயவைக்கிறோம். முதல் இரண்டு மாதங்கள் துணி துவைப்பதும் பால் புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுப்பதுமே என் வேலையாக இருந்தன. குழந்தையைத் தூக்கவே விடவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. விடுமுறைக்கு வருகிறவர்கள் இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றும், இப்படி ஒவ்வொரு முகமாகப் பழகிப் பழகி இழக்கும் குழந்தை பிறகு யாரிடமும் ஒட்டாமலோ, வருகிறவர் எல்லோரிடமும் ஒட்டிக்கொண்டோ வளரும் என்றும் மேட்ரன் அம்மா சொன்ன பிறகுதான் விளங்கிற்று. ஓராண்டு தவறாமல் வருவேன் என்று நான் உறுதி கூறிய பின்பே இரண்டு குழந்தைகளை என் பொறுப்பில் விட்டார்.

அவர்களில் ஒருவனுடைய தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கணவன் விட்டுப் போய்விட்டான், அவளுக்குக் காசநோய். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா உண்டு. இரவில் லயத்தில், அவள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீட்டில், யார் இருக்கிறார்கள்? ஆறு மாத மருந்து முடிந்ததும் மகனை அழைத்துப் போக வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். எங்கள் பதினான்கு பேரில் தாயும் தந்தையும் இல்லாதவர்கள் இருவர் மட்டுமே. அநாதை என்ற சொல்லை நான் இப்போது விட்டுவிட்டேன்.

தத்தெடுத்தலை இங்கே மகவேற்பு என்கிறார்கள். எனக்கு இந்தச் சொல் பிடித்திருக்கிறது. 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம்தான் உத்தரவிட வேண்டும். மகவேற்பவர் 25 வயதுக்குக் குறையாமலும் பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். இவ்வளவு சட்டம் இருந்தும் 1970களிலும் 80களிலும் சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். அவர்களில் பலருடைய பத்திரங்கள் பொய்யானவை. கூலிக்குப் பிடித்த பெண்களைப் பெற்ற தாயாக நீதிபதி முன் நிறுத்தியதும் உண்டு. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் இந்தச் செய்தி வெளியானபோது இலங்கைச் சுகாதார அமைச்சரே அதை ஒப்புக்கொண்டார். அப்படிக் குழந்தையாகப் போன ஒரு பெண்மணி சென்ற மாதம் நெதர்லாந்திலிருந்து இங்கே வந்திருந்தார். நாற்பது வயதைக் கடந்தவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பிறப்புச் சான்றிதழில் இருந்த தாயின் பெயரைத் தேடி மூன்று தோட்டங்கள் ஏறி இறங்கியும் அப்படி ஒருவர் இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை. தேநீர் குடித்துவிட்டு, எங்கள் குழந்தைகளின் பதிவேட்டைத் திறக்காமலே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைக்கு முதலில் சொந்த நாட்டிலேயே குடும்பம் தேட வேண்டும் என்னும் ஹேக் உடன்படிக்கையை இலங்கை 1995இலும் இந்தியா 2003இலும் ஏற்றன. ஆகவே உங்கள் வரிசை அங்கேதான், அக்கா. அந்தக் காத்திருப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளையை ஒப்படைத்த தாய் மனம் மாற இந்தியச் சட்டம் 60 நாள் தருகிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தபோது தொட்டிலில் விடப்பட்ட பெண் குழந்தைகளுக்கும் எங்கோ ஒரு தாய் இருந்தாள் அல்லவா? உங்களுக்கு வரும் பிள்ளையோடு என்ன காகிதம் வந்தாலும், ஒரு துண்டுச் சீட்டானாலும், பத்திரப்படுத்தி வையுங்கள். பிள்ளைக்கு விவரம் தெரியும் முன்பே கதை போலச் சொல்லி வாருங்கள்; அக்கம்பக்கத்தார் வாயிலிருந்து அதைக் கேட்க நேரக் கூடாது.

நம் அம்மாவின் பழைய பருத்திச் சேலைகள் பெட்டியில் இருந்தால் நான்கைந்து அனுப்புங்கள். கஞ்சி போடாதவையாக இருக்கட்டும். என் இருவருக்கும் தொட்டில் கட்ட வேண்டும்.

உங்கள் தங்கை