பந்தையே பார் என்று கத்தாதே

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு காலை

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. ஏற்காட்டில் ஒன்பது மணி வரை பனியில் எதிர் ஸ்டம்பே தெரியவில்லை என்கிறாய். இங்கே அந்நேரத்துக்கு வெயில் மண்டையைப் பிளக்கிறது.

உன்னிடம் பேட்டிங் பழகும் அந்தப் பையன் விஷயம் எழுதியிருந்தாயே. டாக்டர் பார்வை சரி என்ற பிறகும் வேகப்பந்துக்கு மட்டை தாமதமாகவே வருகிறதென்றால், எதை எப்போது பார்க்கிறான் என்று கவனி. கணக்கு போட்டுப் பார்: மணிக்கு 130 கி.மீ. வேகப் பந்து கையை விட்டு மட்டைக்கு வர அரை நொடி. குட் லெங்த்தில், அதாவது முன்காலா பின்காலா என்று குழப்பும் தூரத்தில், குத்திய பின் மிஞ்சுவது 0.2 நொடிக்கும் குறைவு. கண் கண்டதற்கேற்ப மட்டையைத் திருத்தவே அவ்வளவு நேரம் வேண்டும். ஆக, குத்திய பிறகு பார்த்து ஆடுவது எவனாலும் ஆகாது.

2000இல் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியாடும் பேட்ஸ்மேன்களின் கண்ணசைவைக் கேமராவில் பதிந்தார்கள். பந்து கிளம்பும்போது பார்க்கிறார்கள். பிறகு கண் பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்கு முந்தித் தாவிக் காத்திருக்கிறது. கெட்டிக்காரனுக்கு அந்தத் தாவல் சீக்கிரம் வருகிறது. ‘கடைசிவரை பந்தையே பாரு’ என்று நெட்ஸில் நாம் போடும் சத்தம் பாதிதான் சரி.

பவுலர் ஓடி வரும்போது அவர் நெஞ்சு, முகம் பக்கம் லேசாகப் பார்த்தால் போதும். கடைசித் தாவலில் பார்வை, கை வந்து விடும் இடத்துக்குப் போகவேண்டும்: வலதுகைக்காரர் என்றால் அவருடைய வலது காதுக்கு மேலே. முதலிலிருந்தே கையை முறைத்தால், கை பின்னால் சுற்றும்போது தொலைந்துவிடும்.

பயிற்சிக்கு, ஸ்டம்புக்குப் பின்னால் பையனின் கண் உயரத்தில் போனை வைத்து ஸ்லோமோஷனில் எடு. பக்கவாட்டில் எடுத்தால் பயனில்லை. பந்து கையை விட்டதும் வீடியோவை நிறுத்தி, ‘முன்காலா பின்காலா?’ என்று கேள். சொன்ன பிறகே மீதியைக் காட்டு. தினம் 20 பந்து. அப்புறம் நெட்ஸில் மட்டையில்லாமல் நிற்கட்டும், காலை மட்டும் நகர்த்தி வாயால் சொல்லட்டும். பந்து குத்தும் சத்தத்தோடு சேர்ந்து அவன் குரல் வந்தால் அது கணக்கில்லை.

பவுலிங் மிஷின் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். அதற்குத் தோளுமில்லை, மணிக்கட்டுமில்லை, படிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தக் காசில் பந்து போடும் பையன்களுக்கு டிபன் வாங்கிக் கொடு. இந்தியாவுக்கு ஆடிய நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் மாதிரி யார்க்கர் போடுகிறவன் கிடைத்தால் இன்னும் நல்லது. யார்க்கர் விழுவது காலடியில். குத்திய பின் திருத்த நேரமே இராது, கையை விட்ட கணத்திலேயே படித்தாக வேண்டும்.

இன்னொன்று. உன் மைதானத்தில் பவுலர் கைக்குப் பின்னால் சில்வர் ஓக் இடைவெளிகளில் வெயில் புள்ளிபுள்ளியாக விழுமே, அதில் சிவப்புப் பந்து கரைந்துபோகும். பந்து கையை விடும் உயரத்துக்குப் பின்னாலும் வரும்படி அங்கே பெரிய வெள்ளைத் துணி கட்டு. முதலில் அதைச் செய்துவிட்டு மற்றதைப் பார்.

அடுத்த மாதம் மேலே வருகிறேன். அந்த வீடியோக்களை அழிக்காமல் வை.

அன்புடன்,
சேகர்